ஏரிப் பாடும் எங்கள் பாடும்



ஆண்டு விழா மலருக்கு நம் ஊர் வரலாறாக ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று கூட்டத்தில் என் பேரைச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். குழுவுக்கு ஊக்குநராக இருந்து தீர்மானப் புத்தகமும் சேமிப்புக் கணக்கும் எழுதியதுதான் என் எழுத்து. "வரலாறு எழுத நான் யாரு? அதுக்கெல்லாம் வாத்தியாருங்க இருக்காங்க"ன்னு சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டுப் பரணில் இருந்த பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினேன். எங்கள் குழு 1999ல் ஆரம்பித்தது. மகளிர் திட்டம் மாவட்டம் மாவட்டமாக வந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் இரண்டு நோட்டில் கடன் கேட்ட காரணம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. வலை வாங்க. படகு பழுது பார்க்க. கருவாட்டுக்கு உப்பு வாங்க. மகள் சடங்கு. அதற்கப்புறம் வேறு மாதிரி வரிகள் வர ஆரம்பிக்கின்றன. "முகத்துவாரம் அடைபட்டதால் இந்த மாதத் தவணை தள்ளி வைக்கத் தீர்மானிக்கப்பட்டது." "இறால் இல்லாததால் மூன்று உறுப்பினர்கள் வட்டி மட்டும் கட்டினார்கள்." "காசிமேட்டில் மீன் வாங்கி விற்கக் கடன்." "மகன் கம்பெனி வேலைக்குப் போக மருத்துவச் சான்று எடுக்கக் கடன்."

எழுதும்போது இது பணக் கணக்கு என்றுதான் நினைத்தேன். இப்போது வரிசையாகப் படித்தால் ஏரியின் கணக்காக இருக்கிறது. அதனால் ஏரியைப் பற்றியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் பெரியவங்க திருத்துங்க.

ஏரிக்கு ஒரு வாய்

பழவேற்காடு ஏரி இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலாவது ஒடிசாவில் இருக்கிற சிலிகா. நம் ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்குப் பகுதி நம்முடையது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் மணல் திட்டும் ஏரியையும் கடலையும் பிரிக்கின்றன. பொன்னேரி வழியாக வரும் ஆரணி ஆறு தெற்கே ஏரியில் சேர்கிறது. காளாங்கி ஆறு ஆந்திரப் பக்கத்தில் சேர்கிறது. நடுவில் பக்கிங்காம் கால்வாய் போகிறது.

இவ்வளவு பெரிய ஏரி உயிரோடு இருக்க ஒரு வாய் வேண்டும். அதுதான் முகத்துவாரம். ஏத்தத்தில் கடல் தண்ணி உள்ளே வரும், வத்தத்தில் ஏரித் தண்ணி வெளியே போகும். இறால் கடலில்தான் முட்டை போடும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் கலந்த இடத்தில் தின்று வளர்ந்து, பெரிதானதும் திரும்பக் கடலுக்குப் போகும். அது திரும்புகிற வழியில் வலை கட்டினால்தான் நமக்குச் சோறு. மடவை, கொடுவா, பச்சை நண்டு எல்லாவற்றுக்கும் இந்த வழி வேண்டும்.

கோடையில் ஆற்றில் தண்ணி இருக்காது. உள்ளேயிருந்து தள்ள ஆள் இல்லாததால் கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் போட்டு அடைத்துவிடும். அடைத்தால் ஏரி காய்ந்து உப்பு ஏறும், குஞ்சு உள்ளே வராது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறு புரண்டு வந்தால் தானே உடைத்துக்கொண்டு திறக்கும். மழை பொய்த்த வருஷம் ஊர் கூடி மண்வெட்டி எடுக்கும். "ஏரிக்கு மூச்சு அடைச்சா நமக்கும் அடைக்கும்"னு எங்க பாட்டி சொல்வாங்க. சின்ன வயசில் அது பழமொழி என்று நினைத்தேன். தவணை தள்ளி வைத்த மாதங்களைப் பார்த்த பிறகுதான் அது கணக்கு என்று புரிந்தது.

டச்சுக்காரன் காலம்

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பழவேற்காடு என்றால் டச்சுக் கோட்டை, டச்சுக் கல்லறை என்று படிக்கிறார்கள். 1613ல் ஜெல்டிரியா என்ற கோட்டையை அவர்கள் இங்கே கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் டச்சு வியாபாரத்துக்குத் தலைமையிடம் நம் ஊர்தான். 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இப்போது புதர் மூடிய மேடு. கல்லறைகள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கின்றன.

இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது. மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலத்தில் பிழைக்க வழியில்லாமல் விற்கப்பட்ட ஆண் பெண் பிள்ளைகளை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோனார்கள். கல்லறையில் டச்சுக்காரர் பெயர் அழகாகச் செதுக்கியிருக்கிறது. கப்பலில் போன நம் ஊர்ப் பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வரலாறு என்றால் எழுதி வைத்தவர்கள் வரலாறுதான் என்று எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது. நான் இந்தக் கட்டுரைக்குச் சம்மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாடு என்றால் இரண்டு அர்த்தம்

கோட்டைக்கு முந்தியா பிந்தியா தெரியாது, ஆனால் நம் ஆட்களிடம் பாடு என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் அதிகம் படும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்தப் பாட்டில் சேர்ந்தவை. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். பணக்காரனும் ஏழையும் அதே சீட்டைத்தான் எடுக்க வேண்டும். இதைப் பற்றி வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள்.

நல்ல முறைதான். ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். பாட்டில் இடம் கல்யாணமான ஆணுக்கு, தலைக்கட்டுக்கு. பெண்ணுக்குச் சீட்டு கிடையாது. பாட்டில் சேராத ஊர்களுக்கும் சாதிகளுக்கும் கிடையாது. இருளர் பெண்கள் முட்டியளவு, இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்துப் பல்லில் கடித்த பறியில் போடுவார்கள். அவர்களுக்கு எந்தப் பாட்டு நோட்டிலும் பெயர் இல்லை. ஏரியில் மீன் குறையக் குறைய, சேர்ந்தவர் சேராதவர் சண்டையும் பெரிதானது. ஆந்திர எல்லையில் வலை அறுத்த கதையும் உண்டு.

பாடு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் நமக்கெல்லாம் தெரியும். ஆம்பிளைங்க பாடு கட்டப் போனா, கரையில பாடு படறது பொம்பளைங்க. விடியற்காலம் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றி, பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போய் விற்று, திரும்பி வந்து சோறு பொங்கி, மிச்ச மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்து... இதில் ஒரு வரிகூட "மீன்பிடித் தொழில்" என்று எழுதுகிற இடத்தில் வராது. ஏரிக்குக் கெடுதல் வந்து நஷ்டஈடு கணக்கெடுக்க வரும்போது, "படகு யார் பேர்ல, வலை யார் பேர்ல"ன்னுதான் கேட்கிறார்கள். கூடை யார் தலையில் என்று கேட்பதில்லை.

வடக்கே ராக்கெட், கரையில் இறால் பண்ணை

எங்க அம்மா கல்யாணமாகி வந்த சமயத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தது. 1971 அக்டோபரில் முதல் சின்ன ராக்கெட் விட்டார்கள். நாட்டுக்குப் பெருமைதான். இப்பவும் ராக்கெட் போகும்போது மாடியில் ஏறிப் பிள்ளைகளோடு நாமும் கைதட்டுகிறோம். ஆனால் தீவில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். பழைய தலைமுறை விறகுக்கும் மீனுக்கும் போய்வந்த இடத்துக்குள் நுழைய முடியாமல் போனது. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது.

1980ல் நம் பக்கத்து ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பூநாரை வந்து நிற்கிற ஏரியில் மீன் இருக்கிறது என்று அர்த்தம், அதனால் பறவைக்கு நல்லது நமக்கும் நல்லதுதான்.

தொண்ணூறுகளில் இறால் பண்ணை வந்தது. நிலத்தை வெட்டி உப்புத் தண்ணி நிரப்பி, தீவனமும் மருந்தும் போட்டு, கெட்ட தண்ணியைத் திரும்ப வாய்க்காலிலும் ஏரியிலும் விட்டார்கள். பக்கத்து நெல் வயல் உவர் ஏறியது. குடிதண்ணிக் கிணறு உப்புக் கரித்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும், ஆந்திராவிலும் இதே கதை.

இந்த இடத்தில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926ல் பிறந்தவர். கீழத்தஞ்சையில் நிலமில்லாத பெண்கள் பேரில் நிலம் வாங்கிக் கொடுக்க லாஃப்டி என்ற இயக்கத்தை நடத்தியவர். நாகப்பட்டினம் பக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தபோது கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றார். அவர் கணவர், சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன், உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது, ஏற்கெனவே இருப்பதை அகற்ற வேண்டும், கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது அந்தத் தீர்ப்பு. அதில் நம் ஏரியின் பெயரும் இருக்கிறது, சகோதரிகளே. சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறார்கள்.

பிறகு 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு ஆணையம் அமைத்துப் புதுச் சட்டம் போட்டார்கள், பதிவு செய்தால் பண்ணை நடத்தலாம் என்று வந்துவிட்டது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் எங்கேயோ நாகப்பட்டினத்தில் சேற்றில் நின்ற பெண்கள் போட்ட சத்தம் டெல்லி வரைக்கும் போய், நம் ஏரியின் பேரைத் தீர்ப்பில் எழுத வைத்தது. அந்தப் பெண்கள் நம்மைப் பார்த்தது இல்லை, நாம் அவர்களைப் பார்த்தது இல்லை.

தெற்கிலிருந்து வருவது

வடக்கே ராக்கெட் என்றால், தெற்கே எண்ணூரிலிருந்து ஒன்றொன்றாக நம்மை நோக்கி வந்தன. 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001ல் எண்ணூர் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம் என்கிறோம். 2012லிருந்து வல்லூர் அனல்மின் நிலையம். 2012-13ல் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்கான கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் மாறியது.

எண்ணூர் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்ததும் சுடுதண்ணி கலந்ததும் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆற்றில் நின்று இறால் பிடித்தவர்கள் காலில் ஒட்டிய சாம்பல் சேறு செய்தித்தாளில் படமாக வந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்துப் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பானது. எண்ணெய் நம் ஊர் வரை வந்ததோ இல்லையோ, சந்தையில் "எண்ணூர் மீனா? வேணாம்"னு நம் கூடையையும் சேர்த்துத்தான் ஒதுக்கினார்கள். நாலு நாள் கூடை முழுசாகத் திரும்பி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சாம்பலும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரிகிற கெடுதல். கண்ணுக்குத் தெரியாத ஒன்று மணல். நம் கரையில் வருஷத்தில் அதிக மாதம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். ஓடும்போது மணலையும் கூடவே கொண்டுபோகும். நடுவில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டினால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இதற்கு நூறு வருஷத்துக்கு மேலான சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் தெருவையே தின்றது. இன்றைக்கு அங்கே மணல் இல்லை, கருங்கல்தான் இருக்கிறது. மெரினாவில் சுண்டல் தின்னும்போது வடக்கே ஒருத்தி வீடு போனதை யாரும் நினைப்பதில்லை.

அதே மாதிரி எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வடக்கே இருப்பது யார்? நாம்தான். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் கடலையும் நீர்நிலையையும் பிரிக்கிற மணல் திட்டு சில இடத்தில் குறுகலாக இருக்கிறது. அது அரித்துப்போனால் கடல் நேராக உள்ளே வரும். அப்புறம் ஏரி என்று தனியாக ஒன்று இருக்காது. புயல் அலையையும் வெள்ளத்தையும் தாங்கிக்கொள்கிற இந்தத் திட்டும் சதுப்பும் நமக்கு மட்டுமில்லை, வடசென்னைக்கே தடுப்பு.

இந்த நிலையில்தான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வந்தது. இப்போதிருக்கும் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலிலேயே மண் கொட்டி உண்டாக்குவது. 2021 ஜனவரி 22ல் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். மீனவக் கிராமங்கள் எல்லாம் எதிர்த்தன. கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்தார்கள். மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் தள்ளிவைப்பு. "தள்ளி வைக்கப்பட்டது" என்ற வார்த்தை தீர்மானப் புத்தகம் எழுதுகிற எனக்கு நன்றாகத் தெரியும். தள்ளி வைத்த தவணை ஒருநாள் திரும்பி வரும்.

வீட்டுக்குள் வந்த மாற்றம்

பெரிய பெரிய வருஷங்களைச் சொல்லிவிட்டேன். நம் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்க அம்மா கரையில் நின்று மீன் வாங்கினாங்க. கடனாகக் கொடுப்பாங்க, சாயங்காலம் விற்று வந்து கொடுத்தால் போதும். நான் இப்போது பாதி நாள் காசிமேட்டுக்குப் போய் வாங்குகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பணும். லோடு ஆட்டோவுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கணும், ஐஸ் வாங்கணும், மீனுக்குக் கையில் ரொக்கம் வேணும். கடற்கரையில் பிறந்தவள் பட்டணத்தில் மீன் வாங்கி வந்து கடற்கரை ஊரில் விற்கிறேன். அந்த ரொக்கத்துக்குத்தான் குழுக்கடன். அது போதாதபோது வாரவட்டி. குழுவில் கடன் வாங்கி வாரவட்டிக்குக் கட்டிய பெண்கள் நம்மில் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும்.

கருவாடு போட நல்ல பொடிமீன் கிடைப்பது குறைந்துவிட்டது. கருவாடுதான் வயசான பெண்களின் வருமானம். கூடை தூக்க முடியாதவர்கள், புருஷன் இல்லாதவர்கள் உட்கார்ந்த இடத்தில் பிழைத்த தொழில் அது. குடிதண்ணிக்கு லாரியைப் பார்த்து நிற்கிறோம். கிணறு உப்பான ஊர்களில் பிள்ளையைக் குளிப்பாட்டவும் தண்ணி காசு.

பையன்கள் கம்பெனிக்கும் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். என் மகனும் போகிறான். இதையும் மறைக்கக் கூடாது. மாசச் சம்பளம் வருகிறது, அந்தப் பணத்தில் தவணை ஒழுங்காகக் கட்டுகிறேன். துறைமுகம் வேண்டாம் என்று நான் பேசினால் அவன், "அப்புறம் நான் எங்கம்மா போவேன்?"ன்னு கேட்கிறான். அதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒன்று சொன்னேன்: "உனக்கு ஒப்பந்தம் முடிஞ்சா அனுப்பிருவாங்கடா. ஏரி உங்க தாத்தனை ஒருநாளும் அனுப்பல." அவன் ஒத்துக்கொண்டானா தெரியாது, பேசாமல் சாப்பிட்டான்.

நம் தப்பையும் சொல்ல வேண்டும். சின்னக் கண் வலை போட்டுக் குஞ்சையும் அள்ளியது நம் ஆட்கள்தான். கல்யாணம், காதுகுத்து முடிந்ததும் பிளாஸ்டிக் டம்ளரும் இலையும் ஏரிக்கரையில்தான் விழுகிறது. பாட்டில் இருக்கிற ஊர், இல்லாத ஊர் என்று நாம் அடித்துக்கொண்டபோது ஏரியைக் கேட்க ஆள் இல்லை. இன்று ஒரே கூட்டமைப்பில் பட்டினவர் குப்பத்துப் பெண்ணும், இருளர் காலனிப் பெண்ணும், ஓலைக்கூடை பின்னும் முஸ்லிம் தெருப் பெண்ணும் ஒரே பாயில் உட்காருகிறோம். நம் ஆண்கள் பஞ்சாயத்தில் இது இன்னும் நடக்கவில்லை. இந்த மலரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நமக்கு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சிலிகா சொல்வது

ஏரி ஒன்று கெட்டால் கெட்டதுதானா? இல்லை. நம் அக்கா ஏரி சிலிகாவிலும் முகத்துவாரம் அடைத்து, மண் மேடிட்டு, மீன் குறைந்து, சண்டை வந்தது. ஒடிசா அரசு சிலிகாவுக்கென்றே தனி ஆணையம் வைத்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிதாக ஒரு வாய் வெட்டினார்கள். அடுத்த சில வருஷத்தில் மீன், நண்டு, இறால் எல்லாம் பல மடங்கு திரும்பி வந்தது. உலக அளவில் ஆபத்திலிருக்கும் நீர்நிலைகள் பட்டியலில் இருந்த சிலிகாவை 2002ல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

நம் முகத்துவாரத்துக்கும் நிரந்தரமாக இரண்டு பக்கமும் கல் சுவர் கட்டி ஆழப்படுத்த சுமார் ரூ.27 கோடியில் அரசு திட்டம் போட்டது. வருஷா வருஷம் கேட்டு, மனு கொடுத்து, சாலையில் உட்கார்ந்து கிடைத்தது. நல்லதுதான். ஆனால் வாயை மட்டும் திறந்தால் போதாது. ஆரணி ஆற்றில் தண்ணி வரணும், தெற்கே மணல் திட்டு நிற்கணும், சாம்பலும் கழிவும் வராமல் இருக்கணும். வாய் திறந்திருந்தும் சாப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் என்ன பிரயோசனம்?

நாம் என்ன செய்யலாம்

என் புத்திக்கு எட்டிய மூன்றைச் சொல்கிறேன். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தின் கடைசியில் ஏரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். முகத்துவாரம் திறந்த மாதம், அடைத்த மாதம். மீன் செத்து மிதந்த நாள். கிணறு உப்பான மாதம். கடல் எந்த வீடு வரை வந்தது. தேதி போட்டு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடணும். நாளைக்கு யாராவது "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால் காட்டலாம்.

இரண்டு, நம் தொழில் நம் பேரில் எழுதப்பட வேண்டும். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் கட்டுகிற 1,500 ரூபாய்க்கு அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. அங்கே நம் பேர் இருக்கிறது. அதே மாதிரி மீன் விற்பவள், கருவாடு போடுபவள், கையால் இறால் பிடிப்பவள் என்று எல்லாக் கணக்கெடுப்பிலும் பேர் வரணும். எந்த இழப்பீட்டுப் பட்டியல் வந்தாலும் "கூடைக்காரிகள் எங்கே?" என்று கூட்டமைப்பு லெட்டர்பேடில் கேட்கணும். இருளர் சகோதரிகள் பேர் முதலில் வரணும்.

மூன்று, கருத்துக்கேட்புக் கூட்டம் மறுபடி வந்தால் நாம் போகணும். 2006ஆம் ஆண்டுச் சட்ட அறிவிப்பின்படி குறைந்தது 30 நாளுக்கு முன்னால் அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அதை வாங்கிப் படித்த பிள்ளைகளை விட்டுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்வோம். இன்னொன்றும் அதில் இருக்கிறது. கூட்டத்தில் பேசியதை எல்லாம் எழுதி, முடிவில் அதன் சுருக்கத்தை மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாசாமாசம் நாம் செய்கிற வேலைதானே இது! பேசுகிறோம், எழுதுகிறோம், வாசித்துக் காட்டுகிறோம், சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறோம். வாசிக்காமல் கையெழுத்துக் கேட்டால் நம் குழுவில் எந்தப் பாட்டியாவது விடுவாளா? "நான் சொன்னது எங்கடி இருக்கு, முதல்ல அதை வாசி"ம்பாங்க. அதிகாரிகள் மேடையில் இருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்கணும்.

எங்க பாட்டிக்குக் கைநாட்டுத்தான். அம்மாவுக்குத் தன் பேர் மட்டும் எழுதத் தெரியும், அதையும் குழுவில் கற்றுக்கொண்டாங்க. நான் இதை எழுதியிருக்கிறேன். எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த வருஷம் முகத்துவாரம் எப்படி இருக்குன்னு எழுதலையே"ன்னாங்க. நான் அதை எழுத மறந்துவிட்டேன். நாளைக் காலையில் ஏலத்துக்குப் போகும்போது முதலில் அதைப் போய்ப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து தேதி போட்டு நம் நோட்டில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.